ஏர்போர்ட்டில் கேட்கும் ஊசியும் கேட்காத ஊசிகளும்

பெங்களூரிலிருந்து கென்யாவுக்குச் சஃபாரி, உகாண்டாவுக்குக் கொரில்லா பார்க்க என்று கிளம்புகிறவர்கள் முதலில் டிக்கெட் போடுகிறார்கள். பிறகு விசா, ட்ரெக்கிங் ஷூ, ஜாக்கெட். ஊசி நினைவுக்கு வருவது கடைசி வாரத்தில்தான். அதுவும் ஏர்போர்ட்டில் கேட்பார்கள் என்பதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும்.

"காமாலை ஊசிதானே, அதெல்லாம் சின்ன வயசிலேயே போட்டாச்சு" என்பவர்களும் உண்டு. மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. பின்னது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு பரப்பும் வைரஸ் நோய். இந்தியாவில் அது கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, அதாவது டெங்குக் கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. கிருமி ஒருவர் உடம்பில் வந்து இறங்கிவிட்டால் பரவத் தடையில்லை. அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது மஞ்சள் அட்டை, அதாவது இந்த ஊசி போட்டதற்கான சான்றிதழ், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்துகிறார்கள்.

ஒரு டோஸ் போதும். 2016 ஜூலை முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். "10 வருடம்" என்று அச்சான பழைய அட்டையும் செல்லும். ஆனால் ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அது உயிர் பெறும். எட்டாம் நாள் விமானம் என்றால் ஊசி உடம்பில் இருக்கும், சான்றிதழ் செல்லாது. வழக்கமான கிளினிக்கில் போட்டுக்கொண்டால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். கலக்கிய மருந்தை 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருப்பதால், பல மையங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஆள் சேர்த்துத்தான் போடுகிறார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்து அட்டையில் வெறும் "எஸ்" என்றிருந்தால் கவுண்டரில் வீண் வாதம். எழுதும்போதே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 60 வயதைத் தாண்டி முதல்முறை போடுவோருக்குப் பக்கவிளைவு அபாயம் கூடுதல். பயணம் அவசியம்தானா என்று யோசித்தே போட வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசி போட்டிருந்தால் 4 வார இடைவெளி விடுவது நல்லது. டிக்கெட் போட்ட கையோடு, குறைந்தது 6 வாரம் முன்பே, மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி யாரும் கேட்காதவை. முதலில் மலேரியா. இதற்குப் பயணிகள் போட்டுக்கொண்டு கிளம்பும் ஊசி இல்லை, மாத்திரைதான். "மலேரியா நமக்குப் புதுசா?" என்ற அலட்சியம் ஆபத்து. பெங்களூரில் வளர்ந்த உடம்புக்கு அதை எதிர்க்கும் பழக்கமில்லை. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வருவது உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை. டாக்சிசைக்ளின் மாத்திரை என்றால் பெரியவர்களுக்குத் தினம் 100 மி.கி., கிளம்புவதற்கு 1–2 நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம் வரை. பலர் ஊர் வந்ததும் நிறுத்துகிறார்கள். ஈரலில் தங்கிய கிருமி அப்போதுதான் ரத்தத்துக்கு வரும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எளிதில் கருகும். அடோவாகுவோன்–புரோகுவானில் என்ற இன்னொரு மாத்திரை என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும், விலைதான் அதிகம்.

அடுத்தது வெறிநாய்க்கடி நோய். நாய் மட்டுமல்ல, பாலியில் செல்ஃபி எடுக்கும்போது தோளில் ஏறும் குரங்கும் கடிக்கும். 0, 7 ஆகிய நாட்களில் முன்கூட்டியே இரண்டு ஊசி போட்டிருந்தால், கடித்த பின் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு மட்டும் போதும். போடாதவருக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் செலுத்த வேண்டியிருக்கும். தொலைவான மலையூர்களில் அது கிடைப்பது அரிது. இரண்டு பேருமே காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் அதே வருகையில் கேட்டுவிடலாம்.

5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவிலும் 5,364 மீட்டர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பிலும் உயரத்தால் வரும் மலை நோய்க்கு எந்த ஊசியும் உதவாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். 3–4 நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. கென்யா வழியாகக் கிளிமஞ்சாரோ போனால் தான்சானியாவிலும் அந்த மஞ்சள் அட்டை வேண்டும்.

திரும்பிய பின் 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மழைக்கால டெங்கு என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லி, தேதியும் சொல்லுங்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் மலேரியா தெரியாவிட்டாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள்.