பத்து விதையில் ஏழு முளைத்தால் அது போலி விதையா?

இந்தப் போகத்துக்கும் அந்த வீடியோ வந்துவிட்டது. ஈரத்துணியில் பத்து நெல் விதை. ஏழு முளைத்திருக்கிறது, மூன்று அப்படியே கிடக்கிறது. பின்னால் ஒரு குரல்: "சட்டப்படி எண்பது சதவீதம் முளைக்கணும். இது எழுபதுதான். ஏமாத்துறாங்க." கடையின் பெயர்ப்பலகையோடு வாடிப்பட்டியிலிருந்து மேலூர் வரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கடைக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் பத்து விதை ஊறப்போட்டு, ஒன்பது முளைத்ததைப் படம் பிடித்து, "நிரூபிச்சுட்டேன் சார்" என்று எனக்கு அனுப்புகிறார்.

ஒவ்வொரு போகத்துக்கும் இதே கூத்துதான். விதைப் பரிசோதனையே பிழைப்பாக இருக்கிறவன் என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் வருகிறது. அண்ணே, பத்து விதையை வைத்துக்கொண்டு நீங்களும் எதையும் நிரூபிக்கவில்லை, அவரும் நிரூபிக்கவில்லை.

தரம் என்ன என்பதில் சண்டை இல்லை. 1966-ம் வருட விதைச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70. சண்டை, பத்தில் ஏழு என்பதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழகிவிட்டோம். பானையில் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது, அதனால் ஒன்றைப் பிதுக்கினால் போதும். மூட்டையில் அப்படி இல்லை. ஒவ்வொரு விதையும் முளைப்பதும் முளைக்காததும் அதனதன் பாடு. பத்தை அள்ளினால் எட்டு வரும், ஒன்பது வரும், ஆறும் வரும். எது எத்தனை தடவை வரும் என்பதற்குத்தான் ஈருறுப்புப் பரவல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே வருகிற கணக்கு, அதை இங்கே போட்டுக் காட்டப் போவதில்லை.

விதை சரியாக 80 சதவீதம் முளைக்கக்கூடியது என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இது இன்மைக் கருதுகோள். குற்றம் சாட்டுகிறவர்தான் இதை உடைக்க வேண்டும். இப்படிப்பட்ட நல்ல விதையிலேயே பத்தில் ஏழோ அதற்குக் குறைவாகவோ முளைக்கும் வாய்ப்பு 32 சதவீதம். அதாவது குறை இல்லாத பைகளிலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று அந்த வீடியோ மாதிரிதான் காட்டும். (கல்லூரிப் பிள்ளைகள் இங்கே 'சரியாக ஏழு' என்பதற்கு மட்டும் கணக்குப் போட்டு 20 சதவீதம் என்று எழுதி வருகிறார்கள். அப்படி இல்லை தம்பி. ஏழு, ஆறு, ஐந்து என்று கீழே போகிற எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.) ஆறு அல்லது குறைவு என்றால் 12 சதவீதம். ஐந்து அல்லது குறைவு என்றால் 3.3. இதற்குக் கீழே போனால் தற்செயல் என்று விட்டுவிட மாட்டோம் என்று வழக்கமாக வைக்கிற எல்லை, அதாவது மிகைகாண் நிலை, 5 சதவீதம். அதற்குக் கீழே போவது இங்கேதான்.

அந்த 5 சதவீதமும் வேதவாக்கு இல்லை. இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று 1925-ல் ரொனால்ட் ஃபிஷர் எழுதினார், உலகம் பிடித்துக்கொண்டது. அவர் அப்போது இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தார் என்பதில் எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

சரி, ஒருவருக்கு ஐந்துதான் முளைத்தது. 3.3 சதவீதம். உடனே, "அப்ப 97 சதவீதம் இது போலி விதைதான்" என்கிறார். எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். 3.3 என்பது, விதை நல்லதாக இருந்தால் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு. இப்படி ஒரு முடிவு வந்தபிறகு விதை நல்லதாக இருக்கும் வாய்ப்பு அல்ல. இரண்டும் வேறு வேறு. ஒரு பேச்சுக்கு, சந்தையில் 1,000 பை இருக்கிறது. 980 பை சரியாக 80 சதவீதம், 20 பை மட்டும் 65 சதவீதம் முளைக்கிற மட்ட விதை. எல்லாவற்றிலும் பத்துப் பத்து விதை போட்டால், நல்ல 980-ல் சுமார் 32 பை 'ஐந்து அல்லது குறைவு' காட்டும். மட்டமான 20-ல் சுமார் 5 பை காட்டும். மாட்டிக்கொண்ட 37 பைகளில் 32 குற்றமற்றவை! இதில் 97 சதவீதம் உறுதி எங்கே இருந்து வந்தது? மட்ட விதை சந்தையில் எவ்வளவு புழங்குகிறது என்று தெரியாமல், பி மதிப்பை (அந்த 3.3 மாதிரி எண்ணுக்கு இதுதான் பெயர்) மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் சிரிக்க வேண்டாம். அந்த 65 சதவீத விதையிலும் பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ முளைக்கும் வாய்ப்பு 26 சதவீதம். நாலு தடவை ஊறப்போட்டால் ஒரு தடவை நல்ல வீடியோ கிடைத்துவிடும். 'ஐந்து அல்லது குறைவு' என்ற எல்லையை வைத்தால் மட்ட விதையில் நாலில் ஒன்றுதான் பிடிபடும், மூன்று தப்பித்துவிடும். கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை என்பது விடுதலைத் தீர்ப்பு அல்ல.

எண்ணிக்கை கூடினால் கதை மாறும். அதே 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 14 என்றால் பி மதிப்பு ஏறக்குறைய 20 சதவீதம், பேச ஒன்றுமில்லை. 100-க்கு 70 என்றால் சுமார் 1 சதவீதம், கவனிக்க வேண்டிய விஷயம். 400-க்கு 280 என்றால் பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை, அந்த விதையை யாராலும் காப்பாற்ற முடியாது. பரிசோதனை நிலையத்தில் நூறு நூறாக நாலு தொகுதி, மொத்தம் 400 விதை போடுவது வேலை இல்லாமல் அல்ல. நாலாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு தொகுதியில் 88-ம் இன்னொன்றில் 64-ம் வந்தால் அது தற்செயலால் வருகிற வித்தியாசம் அல்ல, எங்கேயோ கோளாறு. மறுபடியும் போடுவோம்.

வீட்டில் போடுகிறவர்கள் பத்து விதையையும் மூட்டையின் வாயிலிருந்தே அள்ளுகிறார்கள். மேலே ஈரம் கண்டிருந்தால் பத்தும் சேர்ந்தே போகும். நெருக்கி வைத்தால் ஒரு விதையின் பூஞ்சணம் பக்கத்து விதைக்கும் தாவும். 'அதனதன் பாடு' என்பது அப்போதே உடைந்தது, பிறகு ஈருறுப்புக் கணக்கு செல்லாது. புதிதாக அறுத்த நெல் உறக்கத்தில் இருக்கும், செத்த விதை மாதிரியே கிடக்கும். வேர் வராமல் குருத்து மட்டும் நீட்டியதை நீங்கள் முளைத்ததாக எண்ணுவீர்கள், நாங்கள் எண்ண மாட்டோம்.

இன்னொன்று. நல்ல விதையை வாங்கிய நாற்பது பேர் ஆளுக்குப் பத்து போட்டால், ஒருவருக்காவது ஐந்தோ குறைவாகவோ வர நாலில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. மீதிப் பேர் வீடியோ போட மாட்டார்கள். உங்கள் போனுக்கு வருவது அந்த ஒருவருடையது மட்டும்தான்.

ஆகவே, தயவுசெய்து: விதைக்கும் முன் மூட்டையின் மேல், நடு, அடி எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக் கலந்து, குறைந்தது 100 விதை போடுங்கள். எத்தனைக்குக் கீழே போனால் புகார் என்பதைப் போடும் முன்பே எழுதி வையுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்று பிடிக்கும்வரை திரும்பத் திரும்பப் போடாதீர்கள், அப்படிப் போட்டால் எல்லாத் தடவையையும் சேர்த்து எண்ணுங்கள். பில், பையில் தைத்திருக்கும் அட்டை, கொஞ்சம் விதை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முழு மூட்டையையும் ஊறப்போட்டுவிட்டு வந்து நின்றால் விதை ஆய்வாளர் எதிலிருந்து மாதிரி எடுப்பார்? சந்தேகம் வந்தால் விதைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போங்கள், வீடியோவை அப்புறம் போடலாம். நெல்லில் முளைத்ததைக் கடைசியாக எண்ணுவது பதினான்காம் நாள், அதுவரை முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். வைகை அணை திறந்து, கள்ளந்திரி தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வருகிற அன்றைக்கு மாதிரியோடு ஓடி வராதீர்கள்.