ஓடும்போது கால்ல டேப் ஏன் நிக்க மாட்டேங்குது?

வலிக்காகவும் கொப்புளம் வராம இருக்கறதுக்காகவும் தோல்ல ஒட்டற, இழுபடற துணி டேப் (கினீசியாலஜி டேப்) பத்தி ஓடுறவங்க எங்கிட்ட அடிக்கடி சொல்ற கம்ப்ளைன்ட், "டேப் ஒட்டிட்டு ஓடினா கொஞ்ச நேரத்துலயே சாக்ஸுக்குள்ள சுருண்டுடுது, நல்ல பிராண்டா ஒண்ணு சொல்லுங்க." பிராண்டை அப்புறம் பாக்கலாங்க, உங்க டேப்போட முனை எங்க போய் முடியுதுன்னு முதல்ல பாருங்க. பெரும்பாலும் உள்ளங்கால்லதான் முடிஞ்சிருக்கும், பிரச்சனையே அதுதான்.

உள்ளங்கால் தோல் தடிமனானது, வேர்வைச் சுரப்பிங்க அங்க ரொம்ப நெருக்கமா இருக்கு, அதோட ஒவ்வொரு அடிக்கும் தோலுக்கும் சாக்ஸுக்கும் நடுவுல இழுவை நடந்துட்டே இருக்கும். அந்த இழுவை முதல்ல பிடிக்கறது டேப்போட ஓரத்தைத்தான். அதனால ரெண்டு முனையும் பாதத்தோட பக்கவாட்டுல, முடிஞ்சா மேல்பக்கம் ஏறி முடியணும், ஆனா முழு வளையமா இறுக்கிச் சுத்திடாதீங்க, ஓட ஓட பாதம் கொஞ்சம் வீங்கும். குதிகால் வலிக்கு நீளவாக்குல ஒட்டும்போது முன்பக்க முனை உள்ளங்கால்ல நிக்கறதைத் தவிர்க்க முடியாது, அப்போ அது மேல குறுக்கால இன்னொரு துண்டு போட்டு அதோட முனைகளை ரெண்டு பக்கமும் மேல ஏத்திடுங்க.

அடுத்தது தோல். ராத்திரி வெடிப்புக்கு க்ரீம் தடவிட்டு காலைல டேப் ஒட்டினா எந்த டேப்பும் நிக்காது. சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு, ஸ்பிரிட் பஞ்சால ஒரு தடவை துடைச்சு, அது முழுசா காயற வரைக்கும் விடுங்க. குதிகால்ல காய்ச்சுப்போன தோல் இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே லேசா தேய்ச்சு எடுத்துடுங்க, ஏன்னா டேப் அந்த செத்த தோல்ல ஒட்டிக்கிட்டு அதோட சேந்தே உரிஞ்சு வந்துடும். ரேஸ் அன்னைக்கு தேய்க்காதீங்க, புதுத்தோல் சீக்கிரம் புண்ணாகும். ரொம்ப வேர்க்கிற கால்னா பெஞ்சாயின் டிஞ்சர் (டேப் நல்லா பிடிக்கத் தோல்ல தடவற பிசின் திரவம்) மெல்லிசா தடவி, தொட்டா பிசுபிசுன்னு வர்ற வரைக்கும் காயவிட்டு ஒட்டலாம், சிலருக்கு அது அலர்ஜி ஆகும், வெடிப்பு மேலயோ புண்ணு மேலயோ வேண்டவே வேண்டாம்.

நிறைய பேர் "நல்லா இழுத்து ஒட்டினா சப்போர்ட் அதிகம்"னு நெனைக்கறாங்க. இந்த டேப் பேப்பர்ல இருக்கும்போதே கொஞ்சம் இழுத்த நிலையிலதான் இருக்கு, அதுக்கு மேல நீங்க முழுசா இழுத்தா அது திரும்பச் சுருங்கப் பாக்கும், அப்போ முனைதான் மொதல்ல தூக்கும், முனைக்கு அடியில தோலும் கொப்புளிக்கும். ரெண்டு பக்கமும் கடைசி நாலஞ்சு சென்டிமீட்டர் இழுவையே இல்லாம சும்மா படிய வைக்கணும். கொப்புளம் வராம இருக்கறதுக்காக மட்டும் ஒட்டறீங்கன்னா நடுவுலயும் இழுக்க வேண்டாம். மூலைங்களை கத்தரிக்கோலால வட்டமா வெட்டிக்கோங்க, பசைப்பக்கம் விரல் படாம பிடிங்க, கணுக்காலை மடக்கி விரல்களை மேல தூக்கி வச்சு ஒட்டுங்க. சுருக்கம் விழுந்துச்சுன்னா அதை நீவி விடாதீங்க, எடுத்துப் போட்டுட்டு புதுசு ஒட்டுங்க, ஒரு சின்ன சுருக்கம் நீளமான ஓட்டத்துல பெரிய கொப்புளம் ஆயிடும்.

இதோட பசை அக்ரிலிக், சூடு பட்டாதான் நல்லா பிடிக்கும், அதனால ஒட்டினதும் உள்ளங்கையால நல்லா தேய்ங்க. ஸ்டார்ட் லைன்ல நின்னு ஒட்டறதெல்லாம் வேலைக்காகாது, குறைஞ்சது அரைமணி, ஒருமணி நேரம் முன்னாடி, என்னைக் கேட்டா முந்தின ராத்திரியே. சாக்ஸை சரக்குனு இழுத்து மாட்டாதீங்க, சுருட்டிப் பிடிச்சு விரல்லேருந்து மெதுவா விரிச்சுட்டே வாங்க.

இந்த டேப் 1970-கள்ல ஜப்பான்ல கென்சோ காசேங்கற கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுக்குக் கையால சிகிச்சை தர்றவர்) உருவாக்கினது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு குணம்ங்கறதெல்லாம் நம்பாதீங்க. டேப் ஒட்டினா குதிகால் வலி சிலருக்கு கொஞ்ச நாளைக்கு குறையும், அவ்வளவுதான், கெண்டைக்கால் எக்சர்சைஸுக்கும் ஓடற தூரத்தைக் குறைக்கறதுக்கும் அது மாற்று இல்ல. சுகரால கால் மரத்துப் போனவங்க, விரல் இடுக்குல பூஞ்சை இருக்கறவங்க தானா ஒட்டிக்கவே கூடாது. புதுசா ஒட்டறவங்க ஒருநாள் முன்னாடி சின்னத் துண்டு ஒட்டி அரிக்குதான்னு பாத்துக்கோங்க.

உடம்புல மத்த எடத்துல மூணு நாலு நாள் நிக்கற டேப் பாதத்துல ஒண்ணு ரெண்டு நாள் நின்னாலே நல்லது. எடுக்கும்போது எண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலை ஒரு கையால அழுத்திப் பிடிச்சு, டேப்பை மடக்கினாப்ல மெதுவா உரிங்க, அடியில கொப்புளம் இருந்தா படக்குனு இழுக்கறதுல மேல்தோலே கிழிஞ்சு வந்துடும். ஓட்டத்துக்கு நடுவுல முனை தூக்கிடுச்சுன்னா திரும்ப அழுத்தாதீங்க, வேர்வை பட்ட பசை ஒட்டாது, தொங்குறதை மட்டும் வெட்டிடுங்க, வெட்ட எதுவும் இல்லன்னா ஓரமா உக்காந்து முழுசையும் பொறுமையா எடுத்துட்டு ஓடுங்க.