பூனை ஏன் நடுவுக்குத் திரும்பவில்லை?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஆப் செய்துவிட்டதாகச் சொல்லிப் பெற்றோர் சான்றிதழைக் காட்டுகிறார்கள். நான் பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்பேன்: "இந்தக் கட்டளையில் 10 என்று இருப்பதை 50 ஆக்கினால் என்ன நடக்கும், கண்ணு?" பல பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். இணையவழி வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல இழுத்துப் பொருத்தியதுதான் அந்த ஆப். பிள்ளைமேல் குற்றமில்லை. அதனிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம், அதாவது கோடிங், சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஆகவே கோடிங் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து வயதிலேயே தொடங்கலாம். எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. நிரலைப் படித்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும், சொன்னது நடக்காவிட்டால் ஏன் என்று தேடவும் முதலில் பழக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் பாதி இதற்கே போனாலும் நட்டமில்லை.

குழந்தைகளுக்கென்று கணினி மொழி செய்வது புதிதல்ல. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஆமை என்ற ஓர் உருவம் சேர்ந்தது. சொன்னபடி நகர்ந்து கோடு வரையும். லோகோ பழகினால் பிள்ளையின் சிந்தனையே எல்லாவற்றிலும் கூர்மையாகிவிடும் என்று பலர் நம்பினார்கள். நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் சோதித்துப் பார்த்து 1984-இல் எழுதினார்கள்: ஓராண்டு லோகோ பழகிய பிள்ளைகள், வேலைகளைத் திட்டமிடும் சோதனையில் பழகாத பிள்ளைகளைவிட மேலாகச் செய்யவில்லை. "கோடிங் படித்தால் கணக்கு தானாக வரும்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தப் பழைய கதையை எடுப்பதில்லை. தானாக எதுவும் வராது. ஆசிரியர் முடிச்சுப் போட்டுக் காட்டினால் வரும்.

அதே ராய் பீ 1986-இல் இன்னொன்றையும் எழுதினார். நிரலாக்கம் பழகத் தொடங்குகிறவர்கள், தங்கள் மனத்திலிருப்பதைப் புரிந்துகொள்ளும் அறிவு ஒன்று கணினிக்குள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்களாம். என் வகுப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளில், கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் செய்யலாம். அதன் மேடை, அதாவது நிரல் ஓடும் திரைப்பகுதி, 480 புள்ளி அகலம். நடுவில் ஒரு பூனை. "100 அடி நகர்" என்று வைத்து (ஓர் அடி என்பது ஒரு புள்ளி), நிரலை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை நகர்கிறது. மறுபடி அழுத்தும்போது அது நடுவிலிருந்து புறப்படும் என்பது பிள்ளையின் எதிர்பார்ப்பு. பூனையோ நின்ற இடத்திலிருந்தே இன்னும் 100 போகிறது. மூன்றாம் முறை ஓரத்துக்குப் போய்ப் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. "மிஸ், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது!"

இந்த நேரத்தில் மவுஸை வாங்கிச் சரிசெய்து கொடுக்கும் ஆசிரியரும், வீட்டில் அப்பாவும், பாடத்தையே பறித்துக்கொள்கிறார்கள். "நடுவுக்குத் திரும்பிப் போ என்று நாம் எங்கே சொன்னோம்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அந்தக் கட்டளையை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும் என்று பிள்ளை கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கேள்விப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, "மூன்று முறை: 100 நகர், 60 திரும்பு" என்று அடுக்கும். வருவது அரை அறுகோணம். கோடு மூடுவதே இல்லை. உடனே எல்லோரையும் வெளியே அழைத்துப் போய்விடுவேன். சாக்பீஸால் தரையில் ஒரு பெரிய முக்கோணம். ஒரு பிள்ளை கோட்டின்மேல் நடக்க, இன்னொன்று கட்டளையிட வேண்டும். மூலைக்கு வந்ததும், உடம்பு 60-ஐவிட எவ்வளவு அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது என்று நடக்கிற பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஒரு சுற்று முடித்துப் பழைய திசையையே பார்த்து நிற்க மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும்; மூன்று மூலைக்குப் பங்கிட்டால் 120. சதுரத்தில் உள்கோணமும் 90, திரும்புவதும் 90 என்பதால், சதுரத்தோடு முடித்துக்கொள்ளும் பாடத்திட்டங்களில் இந்தக் குழப்பம் வெளியே வருவதேயில்லை. முக்கோணம் முடிந்ததும் அறுகோணத்தைக் கேளுங்கள். பிறகு பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை 360 முறை ஒவ்வொரு பாகையாகத் திரும்ப வைத்து வட்டத்தில் போய் நிற்கும்.

ஆளுக்கொரு கணினி இல்லையே என்று கவலைப்படும் பள்ளிகளுக்கு: இருவருக்கு ஒன்றே நல்லது. ஒருவர் கையில் மவுஸ். மற்றவர் கொடியை அழுத்தும் முன் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது, கட்டளைகளெல்லாம் படங்கள்தான். ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சு செய்யவைக்கும் மொழிகளைத் தொடக்கப் பள்ளியில் நான் தொடுவதில்லை. எழுத்துப்பிழையைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத எழில் என்ற மொழி உண்டு. தட்டச்சு பழகிய பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கோடிங்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் நடுநிலைக் கட்டத்துக்குத்தான் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புக்குள் ஆப் செய்யாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன், ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லாத் திரையிலும் ஒரே விளையாட்டு ஓடினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் தொடங்கப் பணமே தேவையில்லை. ஸ்க்ராட்சைக் கணினியில் இறக்கிக்கொண்டால் இணையமும் பயனர் கணக்கும் இல்லாமலே ஓடும். கணக்குத் தொடங்குவதானால் பயனர் பெயரில் பிள்ளையின் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம். அங்கே பகிர்ந்த படைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.