ஒரே பிரதி மலையிறங்கினால் போதும்

2019 டிசம்பர் 26 காலை நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதையில் ஊட்டியும் இருந்தது. அப்படியொரு கிரகணத்தை நீலகிரிக் கல்லூரி ஒன்று, மொட்டை மாடியில் கேமரா வைத்து எல்லோருக்கும் நேரலையாகக் காட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளாகத்துக்குள் எந்தக் கணினியில் பார்த்தாலும் படம் பளிச்சென்று வரும். அதே முகவரியைத் திருநெல்வேலியில் ஒருவர் தட்டினால் ஒன்றுமே வராது.

முதல் காரணம் அந்த முகவரி. 192.168 என்று தொடங்கும் அது வளாகத்துக்குள் மட்டுமே செல்லும். அலுவலக இன்டர்காம் எண்ணை வெளியூரிலிருந்து சுழற்றினால் மணி அடிக்காது அல்லவா, அதே கதைதான். கேமராவை மொபைல் சிம்மில் இணைத்தாலும் பெரும்பாலும் இதே சிக்கல் வரும். பொது முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது தொலைபேசி நிறுவனங்களின் வழக்கம்.

இரண்டாவது காரணம், வலையமைப்பின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால். உள்ளிருந்து ஒரு கணினி வெளியே இணைப்புக் கேட்டால், யார், யாரிடம், எந்தப் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் உள்ள வாசல் எண்) கேட்டார் என்பதை ஃபயர்வால் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) வரும்போது அட்டவணையில் பொருத்தம் இருந்தால் உள்ளே விடும். யாரும் கேட்காமல் தானாக வரும் பாக்கெட்டை அப்படியே கைவிட்டுவிடும். ஆக, உள்ளிருப்பவர் தொடங்கிய உரையாடலுக்குத் தடையில்லை. நேரலையை வெளியே கொண்டுவரும் உத்தி முழுவதும் இந்த ஒரு விதியைப் பிடித்துத்தான் நிற்கிறது.

பொது முகவரி கொண்ட ஒரு சர்வரை ஏதாவதொரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்க வேண்டும். கல்லூரிக்குள் ஒரு சின்னக் கணினி கேமராவிடம் படத்தை வாங்கி, தானே வெளியே இணைப்பைத் திறந்து அந்தச் சர்வருக்குத் தள்ளும். பார்க்க வருபவர்கள் சர்வரிடம் கேட்டுப் பெறுவார்கள். வெளியாட்கள் யாரும் கல்லூரிக்குள் நுழைவதே இல்லை. கேமரா ஏற்கெனவே எச்.264 முறையில் சுருக்கித் தருவதால், பிரித்து மறுபடி சுருக்காமல் பாக்கெட்டுகளை அப்படியே கைமாற்றினால் போதும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியே இதற்குத் தாங்கும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு லாபம். நல்ல படத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் வேண்டும் என்றால், 50 பேர் நேரடியாகப் பார்க்க 200 மெகாபிட் பதிவேற்ற வேகம் தேவை. மலைக் கிராமத்து மொபைல் சிக்னலில் அதை எதிர்பார்க்க முடியாது. இடையில் சர்வர் இருந்தால் மலையிறங்குவது ஒரே பிரதி, அதே 4 மெகாபிட். மற்றவர்களுக்கு வேண்டிய பிரதிகளைச் சர்வர் எடுத்துக்கொடுக்கும்.

கேமராக்கள் பேசும் ஆர்டிஎஸ்பி நெறிமுறையில் ஒரு பொறி உண்டு. ‘தொடங்கு’, ‘நிறுத்து’ போன்ற கட்டளைகள் 554ஆம் போர்ட்டில் போகும். படமோ பெரும்பாலும் வேறு போர்ட்டுகளில், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யுடிபி முறையில் தனியாக வரும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் கட்டளை போய்ச் சேரும், படம் சிக்கிக்கொள்ளும். இணைப்புக் கிடைத்தது என்று காட்டிவிட்டுத் திரை கறுப்பாகவே நிற்பது இதனால்தான். படத்தையும் கட்டளை போகும் டிசிபி (போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை) இணைப்புக்குள்ளேயே கோத்து அனுப்பும்படி அமைத்தால் சரியாகிவிடும்.

சில கல்லூரிகளில் எல்லாப் போக்குவரத்தும் உள் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் கணினி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே நம் கணினி முதலில் ப்ராக்ஸியிடம் ‘கனெக்ட்’ என்று சொல்லி, சர்வரின் பெயரையும் 443 என்ற போர்ட்டையும் கொடுக்கும். ப்ராக்ஸி 200 என்று பதில் தந்தால் பாதை திறந்ததாகப் பொருள். அதன் பிறகு மறையாக்கப்பட்ட படம் அதற்குள் ஓடும். வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுவதுதான் முறை.

கேமராவின் போர்ட்டையே வெளியே திறந்துவிடு என்று பலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களை ஆயிரக்கணக்கில் வசப்படுத்தித்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தையே ஆட்டிப்பார்த்தது.

சர்வரிலிருந்து பார்வையாளருக்குப் பெரும்பாலும் எச்எல்எஸ் முறையில் படம் போகும். 2009இல் ஆப்பிள் வெளியிட்ட இந்த முறையில் வீடியோ சில நொடித் துண்டுகளாகச் சாதாரண இணையப் பக்கம் போலவே வரும். அதனால் பார்ப்பவரின் ஃபயர்வாலும் தடுக்காது. 6 நொடித் துண்டுகள் என்றால், மூன்று துண்டு பின்தங்கித் தொடங்கும் பிளேயரில் படம் குறைந்தது 18 நொடி தாமதமாகத் தெரியும். கிரகணம் பார்க்க அது பாதகமில்லை. பார்வையாளர் கேள்வி கேட்டு உடனே பதில் பெற வேண்டுமென்றால் தாமதம் மிகக் குறைந்த வெப்ஆர்டிசி முறையின் பக்கம் போக வேண்டும்.

மேகம் மூடும் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரை முழுக்க வெள்ளையாகி அசைவே இல்லாவிட்டால், காட்சிக்கு ஏற்பத் தரவின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் (மாறும் பிட்ரேட்) கேமரா மிகக் குறைந்த தரவையே அனுப்பும். வேகம் சரிந்ததை மட்டும் பார்த்து இணைப்பு போய்விட்டது என்று முடிவுகட்டும் நிரல், தேவையில்லாமல் மறுபடி மறுபடி இணைத்து நேரலையைக் குலைக்கும். பாக்கெட் வருவது அடியோடு நின்று பத்து நொடி போன பிறகு மட்டும் மறு இணைப்புச் செய்யும்படி அதை எழுத வேண்டும்.