விசா: 'பார்த்தாச்சு' என்று ஒரு சொல்

என் பாஸ்போர்ட்டில் முதன்முதலாக விசா ஒட்டி வந்த அன்று, வீட்டில் அது கைமாறிக் கைமாறிப் போனது. பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மினுங்கும் தாளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஒரு கட்டுக் காகிதம் கொண்டுபோய்க் கொடுத்தியே, அதுக்கு இந்த ஒட்டுத்தாள்தானா? ஆமா, விசான்னா என்னடா அர்த்தம்?"

"அந்த நாட்டுக்குள்ள போறதுக்கு அனுமதி, பெரியம்மா."

தப்பான பதில். அது தப்பு என்று எனக்கே தெரிந்தது, மூன்று வாரம் கழித்து ஐரோப்பாவில் விமானம் இறங்கியபோதுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி விசாப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போகும் டிக்கெட் எங்கே, எங்கே தங்கப் போகிறாய், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுதான் விசா கொடுத்துவிட்டீர்களே, பிறகு என்ன கேள்வி என்று வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அசட்டுத்தனமாக இருந்திருக்கும். ஏனென்றால் விசா என்ற சொல்லில் 'அனுமதி' என்ற பொருளே கிடையாது. 'நுழைவு' என்ற பொருளும் கிடையாது.

லத்தீனில் 'விதேரே' என்றால் பார்ப்பது. அதிலிருந்து வரும் 'வீஸா' என்றால் பார்க்கப்பட்டது. 'கார்த்தா வீஸா' என்பது முழுத்தொடர். கார்த்தா என்றால் தாள். ஆக, 'பார்க்கப்பட்ட தாள்'. பிரெஞ்சுக்காரர்கள் தாளை விட்டுவிட்டு 'விசா'வை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம் பேச்சில் சொன்னால், 'பார்த்தாச்சு'. அவ்வளவுதான் அதன் பொருள்.

அந்த லத்தீன் வேரின் உறவுக்காரர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். வடமொழியில் 'வித்' என்றால் அறிதல். வேதம், வித்தை, வித்துவான் எல்லாம் அதன் பிள்ளைகள். லத்தீன் 'வித்'தும் வடமொழி 'வித்'தும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஒரு பக்கம் பார்த்தல், இன்னொரு பக்கம் அறிதல். வீடியோவும் இதே குடும்பம்தான். வேதமும் வீடியோவும் விசாவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் பெரியம்மா நம்பமாட்டார்.

பார்த்தது யார், எதை? இதற்குப் பழைய நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பயணி கையில் ஒரு பெரிய தாள் இருக்கும். அதுதான் பாஸ்போர்ட். போகும் நாட்டின் தூதரிடம் அதைக் காட்ட வேண்டும். அவர் வாசித்துவிட்டு 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை வைப்பார். இந்தக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் அப்போது 'வீஸே' என்றே பெயர். பிரெஞ்சு வினையை அப்படியே எடுத்துக்கொண்டது. நம் அலுவலகத் தமிழில் இதற்குக் கச்சிதமான சொல் ஒன்று ஏற்கெனவே உண்டு: மேலொப்பம். கீழே இருப்பவர் எழுதியதை மேலே இருப்பவர் பார்த்து ஒப்பமிடுவது. வீஸே என்பது பக்கத்து ராஜாங்கத்தின் மேலொப்பம்.

ஜெர்மன்காரர்கள் இதை நேர்மையாக மொழிபெயர்த்தார்கள். 'ஸிஷ்ட்ஃபெர்மெர்க்' என்பது அவர்களுடைய பழைய சட்டச்சொல். ஸிஷ்ட் என்றால் பார்வை, ஃபெர்மெர்க் என்றால் குறிப்பு. பார்வைக்குறிப்பு! நம் அரசுக் கடிதங்களில் பொருள் என்பதற்குக் கீழே 'பார்வை' என்று ஒரு வரி போடுவார்கள் இல்லையா, எந்தக் கடிதத்தைப் பார்த்து இதை எழுதுகிறோம் என்று? எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

அந்த நூற்றாண்டு போகப் போக இந்தக் கெடுபிடி தளர்ந்தது. முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட்டே இல்லாமல் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். போர் வந்ததும், யார் ஒற்றன் யார் பயணி என்ற பயத்தில் எல்லா நாடுகளும் கதவைச் சாத்தின. போர் முடிந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. 1920இல் பன்னாட்டுச் சங்கம் (ஐ.நா.வுக்கு முந்தைய 'லீக் ஆஃப் நேஷன்ஸ்') பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் என்றால் 32 பக்கப் புத்தகமாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை வகுத்தது. அதே 1920இல்தான் இந்தியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. விசா ஒட்டுவதற்குப் பக்கங்கள் கிடைத்தது அப்படித்தான்.

'பார்த்து முத்திரை வைப்பது' ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அர்த்தசாஸ்திரத்தில் இதற்கென்றே முத்திரை அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒரு மாஷகம் (அக்காலச் சிறு நாணயம்) கட்டணம் வாங்கிக்கொண்டு முத்திரை கொடுப்பார். அது இருப்பவன்தான் நாட்டுக்குள் வரலாம், போகலாம். முத்திரை இல்லாமல் நடமாடும் உள்நாட்டுக்காரனுக்கு 12 பணம் தண்டம். கள்ள முத்திரை காட்டினால் அதைவிடப் பெரிய தண்டம், அதிலும் அயல்நாட்டுக்காரனுக்கு இருப்பதிலேயே பெரியது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் குவிந்துகிடக்கும் பண்டங்கள் மேல் சோழனின் புலியைப் பொறித்துத்தான் வெளியே விடுகிறார்கள். அது மூட்டைக்கு வைத்த விசா. ஆளுக்கு அல்ல.

ஆளுக்கு வைத்ததற்கும் ஒரு தமிழ்ச்சொல் உண்டு. அது பெருமைப்படும் கதை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரையிடம் 'துண்டு' வாங்க வேண்டும். இவர்கள் மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அந்தச் சொல் அப்படியே ஆங்கிலச் சட்டத்துக்குள் போனது. 1921இல் துண்டு முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் தேடவில்லை, துண்டு என்றே எழுதினார்கள். உலகத்துக்கு நாம் கொடுத்த பயண ஆவணச் சொல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது கடன் சீட்டாகவும் இருந்தது.

சரி, இப்போது தமிழ் இணைச்சொல்லுக்கு வருவோம். பாஸ்போர்ட்டுக்கு நல்ல சொல் அமைந்துவிட்டது: கடவுச்சீட்டு. இலங்கையின் பாஸ்போர்ட்டில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் இந்தச் சொல்லும் அச்சாகியிருக்கிறது. கடவு என்றால் வழி, கடக்கும் இடம். மலையாளத்தில் படகுத்துறைக்குக் கடவு என்றே பெயர். இலங்கைத் தமிழர்கள் ரயில்வே கேட்டைப் 'புகையிரதக் கடவை' என்பார்கள். பாஸ்போர்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லும் 'கட' என்பதையும் 'துறை' என்பதையும் சேர்த்துக் கட்டியதுதான். அந்தப் பின்பாதி துறைமுகமா கோட்டை வாசலா என்று அவர்களுக்குள் சண்டை உண்டு. நம் கடவு இரண்டுக்கும் பொருந்தும்.

விசாவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நுழைவு அனுமதி, நுழைவாணை, நுழைவுரிமை, நுழைவுச்சீட்டு, நுழைவிசைவு என்று ஐந்தாறு புழங்குகின்றன. எல்லாம் 'நுழை'வில் தொடங்குவதுதான் எனக்குச் சிக்கல். நுழைவுரிமை என்பது சுத்தமாகத் தவறு. விசா எந்த உரிமையையும் தருவதில்லை. எல்லையில் நிற்கும் அதிகாரி முடியாது என்று திருப்பி அனுப்ப அதிகாரம் உள்ளவர், விசா இருந்தாலும். நுழைவாணை என்றால் தூதரகம் யாருக்கோ உத்தரவு போட்டதுபோல ஒலிக்கிறது. நுழைவுச்சீட்டு என்றால் திருவிழாப் பொருட்காட்சி ஞாபகம் வருகிறது. நுழைவு அனுமதி, நான் பெரியம்மாவிடம் சொன்னது, பாதி உண்மை. கதவு வரை போய்த் தட்டலாம் என்பதற்கான அனுமதி அது. திறப்பது வேறொருவர் வேலை.

மிச்சம் நுழைவிசைவு. நுழைவு, இசைவு இரண்டும் புணர்ந்தது. வேகமாக வாசித்தால் 'நுழை விசைவு' என்று கண் தவறாகப் பிரிக்கிறது என்பது ஒரு குறை. நடுவில் 'விசை' ஒளிந்திருப்பதால் விசா நினைவுக்கு வருகிறது என்பது தற்செயலான ஒரு வசதி. ஆனால் என் ஓட்டு இதற்குத்தான், இசைவு என்ற சொல்லுக்காக. இசைவு கட்டளை இல்லை, உரிமை இல்லை. 'சரி, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற தொனி. தூதரகம் செய்வதும் அதுவே: உன் தாள்களைப் பார்த்தோம், நீ வருவதில் இப்போதைக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சீட்டு என்ற பின்னொட்டு இல்லாததும் நல்லது, காரணம் கடைசியில் வருகிறது.

பேச்சில் என்ன சொல்வது? விசாதான். அதைத் துரத்தத் தேவையில்லை. இலங்கையில் 'வீசா' என்று நெடிலாக எழுதுவார்கள், அதுவும் பிழையல்ல. இன்னொன்று, நம் ஆட்களிடம் இந்தச் சொல் லத்தீனை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. வளைகுடாவுக்குப் போகிற ஊர்களில் "ஒரு டிரைவர் விசா இருக்கு, வர்றியா?" என்று கேட்டால் அங்கே விசா என்பது வேலை. "விசா அடிச்சாச்சு" என்றால் தலையெழுத்து மாறிவிட்டது. "விசா கேன்சல்" என்றால் ஊருக்குத் திரும்புகிறான். கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டுக்குப் போய் வருகிறவருக்குச் சபுராளி என்று பெயர், பயணம் என்ற அரபிச் சொல்லான சஃபரிலிருந்து வந்தது. அந்த அரபியில் விசாவுக்குத் 'தஃஷீரா' என்பார்கள். குறியிடுதல் என்று பொருள். அவர்களும் அனுமதி என்று சொல்லவில்லை பாருங்கள்.

பொருள் தெரிந்துவிட்டால் முதல் பயணத்துக்கான ஆயத்தமும் வேறு மாதிரி புரியும். 'அனுமதி கேட்கிறேன்' என்று போனால் கெஞ்சத் தோன்றும். 'பார்க்கக் கொடுக்கிறேன்' என்று நினைத்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்று யோசிப்போம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே ஒரு கப்பலில் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பெயர் விசாவுக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்கு விண்ணப்பிக்கும்போது வங்கிக் கணக்கு, வேலைக்கான கடிதம், தங்குமிடம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு என்று அடுக்குவதில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குப் பதில்: இந்த ஆள் திரும்பிப் போவானா? பத்து இடத்தில் பத்து விதமாக அதையே பார்க்கிறார்கள். பயணத் தேதியும் விடுப்புக் கடிதத் தேதியும் ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் அது கண்ணில் படும். முதல் முறை என்னுடையது அப்படித்தான் பட்டது. விண்ணப்ப மையத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மறுபடியும் அச்செடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெயர் இன்னொரு வம்பு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பார்க்கிறவர்களுக்கோ அது இல்லாமல் கண் தெரியாது. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்து, மற்றக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அடித்துவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அதையே பெயராக்கி "மிஸ்டர் எஃப்னு" என்று கூப்பிடப்பட்ட தமிழர்கள் கணிசமாக இருப்பார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே தலைப்பெழுத்தை விரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது உத்தமம்.

விசா கைக்கு வந்ததும் நாமும் அதைப் பார்க்க வேண்டும். ஷெங்கன் ஒட்டுத்தாளில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று இருக்கும், தனியாகத் 'தங்கும் நாட்கள்' என்றும் ஒரு எண் இருக்கும். முன்னது ஜன்னல், பின்னது அந்த ஜன்னலுக்குள் நமக்குக் கிடைத்த நாட்கள். ஜன்னல் முப்பது நாள் திறந்திருக்கிறதே என்று முப்பது நாளும் இருக்க முடியாது. எண் 15 என்றால் 15தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து எண்ணுவார்கள். இதைப் பாராமல் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டவர்களுக்கு அடுத்த விண்ணப்பத்தின்போது புரியும்.

விமான நிலையத்தில் அந்தக் கூண்டுக்கும் ஒரு பெயர் வேண்டுமே. 'குடியேற்றம்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு வாரம் சுற்றிப்பார்க்க வந்தவன் எங்கே குடியேறினான்? மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்லும் குடிநுழைவு பரவாயில்லை. இலங்கையின் 'குடிவரவு குடியகல்வு' வந்ததையும் போனதையும் தனித்தனியே சொல்கிறது. ஆனால் நான்கு பேர் பின்னால் நிற்கும் வரிசையில் வாயில் வராது.

போன மாதம் பெரியம்மாவுக்கே ஒரு பயணம் வாய்த்தது, மகளைப் பார்க்க. அவருக்கு வந்தது இ-விசா. ஒட்டுத்தாள் இல்லை, முத்திரை இல்லை, மின்னஞ்சலில் ஒரு பக்கம். சீட்டு என்ற பின்னொட்டு வேண்டாம் என்றேனே, இதனால்தான். தாளே போய்விட்டது, 'பார்த்தாச்சு' மட்டும் மிச்சம். ஐரோப்பாவிலும் 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்யும் முறைக்குப் படிப்படியாக மாறத் தொடங்கிவிட்டார்கள். பார்ப்பது இப்போது கேமராவின் வேலை.

பெரியம்மா அதை அச்செடுத்து, இரண்டு நகல் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல முத்திரை எங்கடா?"

"பார்த்துட்டாங்க பெரியம்மா, அவ்வளவுதான்" என்றேன்.