ரெஜிமெண்ட்: பத்தியமும் பட்டாளமும்

‘ரெஜிமெண்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினால் படைப்பிரிவு, படைவகுப்பு, படையணி, பட்டாளம் என்று நான்கைந்து சொற்கள் வந்து நிற்கும். முதல் இரண்டும் ஒரு பெரிய சேனையைப் பகுத்தெடுத்த கூறு என்ற பொருளைத் தருகின்றன. மூலச் சொல்லிலோ பகுப்பும் இல்லை, படையும் இல்லை. அதில் இருப்பது ஆட்சி.

இலத்தீனில் ‘ரெகெரே’ என்றால் நேர்வழியில் செலுத்துதல், ஆளுதல். அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ அதற்கு நெருங்கிய உறவு. வடமொழி ‘ராஜன்’ தூரத்து உறவு. அந்த வினையிலிருந்து ‘ரெஜிமென்’ என்ற பெயர்ச்சொல்லும், பிற்கால இலத்தீனில் ‘ரெஜிமெந்தும்’ என்ற வடிவமும் பிறந்தன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் ‘ஆளுகை’தான். ஸ்காட்லாந்துச் சமயப் போதகர் ஜான் நாக்ஸ் 1558-இல் ‘பெண்களின் ரெஜிமெண்ட்’ கொடுமையானது என்று கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். இன்று தலைப்பை மட்டும் பார்ப்பவர்கள் பெண்கள் படை ஒன்று அணிவகுத்து வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கண்டித்தது அரசிகளின் ஆட்சியை. அந்த நூற்றாண்டில்தான் ஒரு கர்னலின் ஆளுகைக்கு உட்பட்ட போர்வீரர்களுக்கு அந்த ஆளுகையின் பெயரே ஆகிவந்தது.

அதே இலத்தீன் சொல் இன்னொரு கிளை விட்டு மருத்துவரின் வீட்டுக்குப் போயிற்று. என்ன உண்பது, எவ்வளவு உறங்குவது, எதை விலக்குவது என்று வகுத்துத் தரும் ஒழுங்குக்கு ‘ரெஜிமென்’ என்று பெயர். நம் வழக்கில் பத்தியம். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘ரெஜிமெண்ட்’ என்ற வடிவமே இந்தப் பொருளிலும் வழங்கிற்று. நம் ‘பத்தியம்’ கூட வழி, பாதை என்று பொருள்படும் வடசொல்லடியில் பிறந்ததுதான். வீரனுக்கும் நோயாளிக்கும் ஒரே வேர்ச்சொல் வாய்த்தது வெறும் சொல்லாராய்ச்சிச் சுவையோடு நிற்கவில்லை. கடல் கடந்து போன பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளின் கதையைப் பார்த்தால், அவற்றைக் கரைத்த பகைவர்களில் பீரங்கிக்கு முந்தைய இடம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்தான்.

முதலில் அமைப்பு. பழைய பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் ஏறக்குறைய கர்னலின் சொத்து. அவர் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. வீரர்களின் உடுப்புக்கான பணமும் அவர் கைவழியே போயிற்று, அதில் மிச்சம் பிடித்தால் அவருக்கே இலாபம். 1751-இல் அரச ஆணை ஒன்று கர்னல்களின் பெயர்களுக்குப் பதிலாக எண்களை நிலைப்படுத்தியது. 1881-இல் எண்களும் போய், மாவட்டப் பெயர்கள் வந்தன. எடுத்துக்காட்டாக, 1754-இல் கர்னல் ஜான் அட்லர்கிரான் தலைமையில் சோழமண்டலக் கரைக்கு வந்த 39-ஆம் ரெஜிமெண்ட் பிற்காலத்தில் டார்செட்ஷயர் ரெஜிமெண்ட் ஆயிற்று. அதற்கு முன் இங்கே பிரிட்டிஷ் தரப்பில் இருந்த ஐரோப்பிய வீரர்கள் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள். மன்னரின் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்று இந்தியாவில் நிலைகொண்டது அதுவே முதல் தடவை என்பதால் ‘இந்தியாவில் முதலாவது’ என்ற இலத்தீன் வாசகத்தைத் தங்கள் விருதாகவே வைத்துக்கொண்டார்கள். கம்பெனி திரட்டிய மதராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்டின் வாழ்வு இன்னும் விந்தையானது. 1862-இல் அரசியின் படையில் சேர்ந்து 102-ஆம் ரெஜிமெண்ட் ஆகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படையின் முதல் பட்டாலியனாகக் கரையேறியது. எண் மாறினாலும், ஊர் மாறினாலும், ஆள் முழுக்க மாறினாலும் ரெஜிமெண்ட் ஒன்றே. கொடி, வரலாறு, இறந்தவர்களின் பட்டியல் எல்லாம் தொடரும்.

ஆகவே ரெஜிமெண்ட் என்பது ஓர் அளவு அல்ல. ‘பட்டாலியன்’தான் அளவு: காகிதக் கணக்கில் எண்ணூறு முதல் ஆயிரம் பேர் வரை. ஒரு ரெஜிமெண்டுக்கு ஒரு பட்டாலியனும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெளிநாடு போன ரெஜிமெண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டாலியன் ஒன்றே. இங்கேதான் ‘பட்டாளம்’ என்ற சொல்லுக்கு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. அது பட்டாலியன் என்ற ஐரோப்பியச் சொல் தமிழ் வாயில் உருண்டு வந்த வடிவம். வடக்கே வழங்கும் ‘பல்டன்’ என்பதையும் அதன் உறவாகச் சொல்வது உண்டு. ரெஜிமெண்டையும் பட்டாலியனையும் நம்மவர்கள் குழப்பிக்கொண்டார்கள் என்று சிலர் குறைப்படுவது உண்டு. கோட்டை வாசலில் நின்று பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவன் குழம்பவில்லை.

இனி நோய். 1859-இல் அமைக்கப்பட்டு 1863-இல் அறிக்கை தந்த அரச ஆணையம், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களின் நீண்டகாலச் சாவுக் கணக்கை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 என்று மதிப்பிட்டது. போர் நடவாத ஆண்டிலும் ஆயிரம் பேர் கொண்ட ரெஜிமெண்ட் ஒன்று இரண்டு ஆண்டுக்குள் ஒரு கம்பெனி (ஏறத்தாழ நூறு பேர் கொண்ட உட்பிரிவு) அளவுக்கு ஆட்களை மண்ணுக்குக் கொடுத்தது என்று அர்த்தம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் படை நிலையங்களிலிருந்து வந்து குவிந்த பதில்களைப் படித்துப் பிரித்து, குடிநீர், சாக்கடை, நெரிசல், சாராயம் என்று காரணங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தவர் அவரே. பாரக்ஸ் என்ற நீள் கூடத்தில் கட்டிலோடு கட்டில் ஒட்டியிருக்கும். கழிவு போக வழி இராது. கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே என்று எவரும் கவலைப்பட்டதில்லை. வேலையோ அதிகாலை அணிவகுப்போடு முடிந்துவிடும். வெயில் ஏறியதும் கதவை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சலிப்புக்கு மருந்தாக அரசே சாராயத்தை அளந்து ஊற்றிற்று, அதுவும் உணவுப் படியின் ஒரு பகுதியாக. பிறகு கல்லீரல் கெட்டுவிட்டதென்று மருத்துவர் எழுதுவார். இதில் தட்பவெப்பத்தைக் குறை சொன்னவர்களே அதிகம். வெயில் பதில் பேசாது அல்லவா!

தனி ஒரு ரெஜிமெண்டின் கதி என்னவாகலாம் என்பதற்கு 78-ஆம் ஹைலாண்டர்ஸ் சாட்சி. 1844-இல் அவர்கள் சிந்து மாகாணத்தில் சுக்கூருக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே காய்ச்சல் பிடித்தது. படகேற்றிச் சிந்து நதி வழியே அதே மாகாணத்து ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள்; காய்ச்சலும் கூடவே போயிற்று. 1845-ஆம் ஆண்டின் வசந்தத்துக்குள் வீரர்களில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். மனைவியரும் குழந்தைகளும் அதற்கு மேல். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அவர்களுக்கான நினைவுச்சின்னம் எடின்பரோவின் புனித ஜைல்ஸ் பேராலயத்தில் இருக்கிறது.

குடும்பங்களும் இந்தக் கணக்கில் வருவது தற்செயல் அல்ல. வீரர்களில் நூற்றுக்குச் சிலரின் மனைவியரை மட்டுமே ரெஜிமெண்ட் தன் பட்டியலில் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டால் வீரனுக்குரியதில் பாதி உணவும் பாரக்ஸில் திரை கட்டிய ஒரு மூலையும் கிடைக்கும். கணவன் இறந்தால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் விழும். பெயர் விழாமல் இருக்க ஒரே வழி, அதே ரெஜிமெண்டில் இன்னொருவனை விரைவில் மணந்துகொள்வது. வேலைக்கு எடுப்பது, உடுத்துவது, ஊட்டுவது, தண்டிப்பது, மணத்துக்கு அனுமதி தருவது, புதைப்பது எல்லாம் ஒரே கைக்குள். ‘ஆளுகை’ என்ற மூலப் பொருள் எவ்வளவு சரியானது என்பதை இங்கே பார்க்கலாம்.

மருத்துவமனையும் ரெஜிமெண்டுக்கு உள்ளேதான். ஒவ்வொன்றுக்கும் தனி சர்ஜன், இரண்டொரு உதவி சர்ஜன்கள், தனி மருத்துவமனை. காலையில் நோயாளிப் பட்டியலை சர்ஜன் எழுதி அனுப்புவார். கடமைக்குத் தகுதியானவர் எத்தனை, மருத்துவமனையில் எத்தனை என்று மேலிடத்துக்குக் கணக்குப் போகும். ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியின் உணவுத் தரம் குறிக்கப்பட்டிருக்கும்: முழு உணவு, அரை உணவு, குறை உணவு, கரண்டி உணவு. கடைசி வகை கரண்டியால் ஊட்டத்தக்க கஞ்சி போன்றது. முழு உணவுக்கு ஏறியவன் விரைவில் துப்பாக்கி எடுக்க வேண்டியவன். படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆக, ரெஜிமெனும் ரெஜிமெண்டும் அந்தக் கட்டிலருகே மறுபடி ஒரே வீட்டுக்காரர்கள் ஆயின. 1873-இல் இந்த ஏற்பாட்டைக் கலைத்து, மருத்துவர்களைப் பொதுவான இராணுவ மருத்துவத் துறையின் கீழ் கொண்டுவந்தார்கள். பழைய சர்ஜன்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. தன் ஆட்களின் உடம்பை ஆண்டுக்கணக்கில் அறிந்த மருத்துவர் போய், முகம் தெரியாதவர் வருகிறாரே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாக்கடை வெட்டுவதும் குடிநீரைக் காப்பதும் ஒரு ரெஜிமெண்டின் வேலையாக முடியாது. அடுத்த ஆண்டே அது வேறு ஊருக்குப் போய்விடும். 1870-களின் தொடக்கத்தில் இந்தியச் சாவுக் கணக்கு ஆயிரத்துக்கு 18 என்ற அளவுக்கு இறங்கியதில் பாரக்ஸ் கட்டுமானத்துக்கும் குடிநீருக்கும் பெரிய பங்கு உண்டு.

கிருமிகளைப் பற்றி எதுவும் தெரியாமலே இவ்வளவும் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. மலேரியாவைக் கொசு கடத்துகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20-இல் சிக்கந்தராபாத்தில்தான் கண்டார்.

தமிழ் மண்ணில் இதற்குத் தடங்கள் இருக்கின்றன. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தபோது அங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் 69-ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ரெஜிமெண்ட் மருத்துவமனையில் படுத்துக்கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தபின் கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். நீலகிரியில் குன்னூருக்கு அருகே ஜக்கதளாவில் 1850-களில் கட்டப்பட்ட பாரக்ஸ், சமவெளியில் உடம்பு கெட்ட ஐரோப்பிய வீரர்களைத் தேற்றுவதற்காக எழுந்தது. பிறகு அந்த ஊருக்கு வெல்லிங்டன் என்று பெயர் வைத்தார்கள். இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கேதான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் கருத்து இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’ போன்ற பெயர்களோடு படைகள் வரிசையாக வருகின்றன. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுத்த. முன்னால் நிற்பது மன்னனின் பட்டப்பெயர். எண்ணிக்கையால் அல்லாமல் பெயரால் நிற்கும் படை, கோயில் காரியத்தில் கூட்டாகப் பொறுப்பேற்கும் படை என்றால், அது ரெஜிமெண்டுக்கு மிக அருகில் வருகிறது. கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஆங்கிலேயர் காலத்து அறிஞர்கள் இவற்றை ரெஜிமெண்ட் என்றே பெயர்த்தது பொருத்தம். வள்ளுவர் ‘தொல்படை’ என்கிறார். பரிமேலழகர் அதை மூலப்படை என்று விளக்குகிறார். கூலிக்குச் சேர்ந்து கலைந்துபோவது அல்லாமல், வழிவழியாக நிற்பது. தொடர்ச்சி என்ற கருத்து இதில் இருக்கிறது. ஆனால் இன்றைய செய்தியில் ‘39-ஆம் தொல்படை’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

‘படைப்பிரிவு’ பத்திரிகைகளில் பரவிவிட்டது. குறை என்னவென்றால் டிவிஷன், பிரிகேட், பட்டாலியன், கம்பெனி எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். ஒரே செய்தியில் ‘படைப்பிரிவின் படைப்பிரிவு’ என்று வந்து நிற்கும். இலங்கைத் தமிழில் ‘படையணி’ நன்றாக வேரூன்றியிருக்கிறது. அணி என்பதில் வரிசையும் ஒழுங்கும் இருப்பதால் மூலச் சொல்லின் ‘நெறிப்படுத்தல்’ அதில் கொஞ்சம் தொனிக்கிறது. எதிர்ப்பு ஒன்று வரலாம்: இங்கே தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் பட்டாலியன்களை ‘அணி’ என்கிறார்களே என்று. அது தனிச் சொல். ‘படையணி’ அதோடு மோதாது.

என் தெரிவு இது. பொதுவாகப் பேசும்போது படையணி. சிறப்புப் பெயராக வரும்போது மெட்ராஸ் ரெஜிமெண்ட், டார்செட்ஷயர் ரெஜிமெண்ட் என்று உள்ளபடியே விட்டுவிடலாம். பெயரை மொழிபெயர்த்தால் ஆளை அடையாளம் காண முடியாமல் போகும். பட்டாலியனுக்குப் பட்டாலியன் என்றே எழுதலாம். ரெஜிமெண்டல் சர்ஜனைப் ‘படையணி மருத்துவர்’ என்றும், ரெஜிமெண்டின் மருத்துவமனையைப் ‘படையணி மருத்துவமனை’ என்றும் சொல்லலாம். ‘ஆன் தி ஸ்ட்ரெங்த்’ என்ற குறிப்பு வந்தால் ‘வலிமையின் மேல்’ என்று பெயர்த்துவிடாமல் ‘படையணிப் பட்டியலில் உள்ளவர்’ என்று எழுதுங்கள். பட்டாளம் இருக்கவே இருக்கிறது: ‘பட்டாளத்துக்குப் போனான்’ என்னும் இடத்தில் வேறெந்தச் சொல்லைப் போட்டாலும் செயற்கையாகத் தெரியும். அந்த வாக்கியத்தில் அவன் போனது எந்த எண்ணுள்ள ரெஜிமெண்டுக்கு என்பதை ஊர் ஒருபோதும் கேட்டதில்லை.