டைமரை நிறுத்திவிட்டோம் என்று எழுதும் முன்

சில வருடங்களுக்கு முன் ஒரு சென்சார் டிரைவரில் (சென்சாரை இயக்கும் மென்பொருளில்) இருந்த கோளாறைத் தேடி நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் மாட்யூலை ஏற்றி இறக்கும் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டால், எப்போதாவது ஒரு முறை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் விழுந்துவிடும். டைமரின் கால்பேக், அதாவது நேரம் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், ஏற்கெனவே விடுவித்த மெமரியைத் தொட்டிருந்தது. ஆனால் டிரைவரை இறக்கும் இடத்தில் டைமரை நீக்கும் வரி இருக்கிறது. அதன் மேலேயே ஒரு கமென்ட், அதாவது கோடைப் படிப்பவருக்கான குறிப்பு: "டைமரை நிறுத்துகிறோம், இனி கால்பேக் ஓடாது." அந்த ஒரு வரியை நம்பித்தான் நான்கு நாளும் வேறு இடங்களில் தேடினேன்.

அங்கே அழைக்கப்பட்டது டெல்_டைமர். அது டைமரை வரிசையிலிருந்து எடுத்துவிடும், அவ்வளவுதான். கால்பேக் அந்த நேரத்தில் இன்னொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்காது. காத்திருக்க வேண்டுமென்றால் டெல்_டைமர்_சிங்க் வேண்டும் (இன்றைய கெர்னலில் இவற்றின் பெயர் டைமர்_டெலீட், டைமர்_டெலீட்_சிங்க்). எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எழுதிய காலத்தில் அந்த போர்டில் ஒரே ஒரு கோர்தான், அதாவது ஒரே சிபியு. அன்று அந்த கமென்ட் உண்மை. பிறகு நான்கு கோர் போர்டுக்கு மாறினோம். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கமென்ட் மட்டும் பொய்யாகிவிட்டது.

சரி, சிங்க் போட்டால் முடிந்ததா? இல்லை. காத்திருப்பவர் கையில் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) இருந்து, கால்பேக்கும் அதே லாக்கைக் கேட்டால், இது அதற்காகவும் அது இதற்காகவும் நின்றுகொண்டிருக்கும், இரண்டும் அசையாது. கெர்னலின் டைமர் கோடில் இந்த ஃபங்ஷனுக்கு மேல் இருக்கும் கமென்ட் இதே சிக்கலின் இன்னொரு வடிவத்தை, கால்பேக்கின் நடுவே வரும் இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) அந்த லாக்கைக் கேட்பதை, இரண்டு சிபியுக்களையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, எது எந்த வரிசையில் நடக்கிறது என்று படம்போல் காட்டுகிறது. நான் பார்த்த நல்ல கமென்ட்டுகளில் அது ஒன்று. புதிதாகச் சேரும் எல்லோரையும் அதைப் படிக்கச் சொல்வேன். இன்னொரு ஆபத்தும் உண்டு: நீக்கிய டைமரை வேறொரு இடத்திலிருந்து யாராவது மறுபடி ஓடவிடலாம். இதற்காகவே 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் சேர்ந்தது. அதற்குப் பின் அந்த டைமரைத் தொடங்க முயன்றாலும் கெர்னல் கண்டுகொள்ளாது. நீக்குவது, நீக்கிவிட்டுக் காத்திருப்பது, ஒரேயடியாக மூடுவது என இவை மூன்று வேறு வேலைகள். "நிறுத்துகிறோம்" என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் எழுதினால் படிப்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

அடுத்து, எண்கள். கெர்னலின் டிக் எண்ணிக்கையான ஜிஃபியோடு 50-ஐக் கூட்டிவிட்டு, பக்கத்தில் "50 மில்லி விநாடி" என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கெர்னல் விநாடிக்கு 1000 டிக் என்று கட்டப்பட்டிருந்தால் சரி. 250 என்றால் அதே 50 டிக் 200 மில்லி விநாடி, 100 என்றால் அரை விநாடி. மில்லி விநாடியை ஜிஃபியாக மாற்றித் தரும் ஃபங்ஷன் கெர்னலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டால் அலகைப் பற்றி கமென்ட் எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்த இடத்தில் 50 ஏன் என்ற காரணத்தை எழுதுங்கள். மின்சாரம் கொடுத்தபின் சென்சார் தயாராக எவ்வளவு நேரம் ஆகும் என்று டேட்டாஷீட் சொல்கிறது, நாம் அதன்மேல் எவ்வளவு கூட்டினோம், ஏன் கூட்டினோம். கோடைப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"சரியாக 5 விநாடியில்" என்ற கமென்ட்டையும் சந்தேகியுங்கள். 2016-ல் 4.8 கெர்னலில் டைமர் சக்கரம், அதாவது டைமர்களை நேரப்படி அடுக்கி வைக்கும் அமைப்பு, மாற்றி எழுதப்பட்டது. பெரும்பாலான டைமர்கள் டைம்அவுட்டுக்காக வைப்பவை. வேலை நடந்துவிட்டால் ஓடுவதற்கு முன்பே ரத்தாகிவிடும். அவற்றைத் துல்லியமாக வைத்திருக்க உழைப்பது வீண் என்பதால், நேரம் நீள நீளத் துல்லியம் குறையும்படி அமைத்தார்கள். 1000 டிக் கெர்னலில் 64 மில்லி விநாடிக்குள் இருக்கும் டைமருக்குத் துல்லியம் 1 மில்லி விநாடி. 5 விநாடி டைமருக்கோ 512 மில்லி விநாடி. முன்கூட்டி ஓடாது, ஆனால் அரை விநாடி தாமதமாகலாம். இந்த அட்டவணையும் கமென்ட்டாக அதே கோப்பில் இருக்கிறது. உண்மையிலேயே துல்லியம் வேண்டுமென்றால் 2006-லிருந்தே ஹெச்ஆர்டைமர் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கமென்ட் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 32 பிட் ஜிஃபி, 1000 டிக்கில் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். இரண்டு நேரங்களை நேரடியாகப் பெரிது சிறிது என்று ஒப்பிட்ட கோடெல்லாம் அப்போது தடுமாறும். அப்படித் தடுமாறாமல் ஒப்பிடத்தான் டைம்_ஆஃப்டர் என்ற மேக்ரோ இருக்கிறது. ஐம்பது நாள் சோதனை ஓட்ட யாரால் முடியும்? அதனால் கெர்னல் ஜிஃபியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், நிரம்புவதற்கு 5 நிமிடம் முன்பிருந்து தொடங்குகிறது. அந்த விசித்திரமான ஆரம்ப எண்ணுக்கு மேலே, இத்தகைய பிழைகள் சீக்கிரமே வெளியே தெரியட்டும் என்பதற்காக இப்படி வைத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அதைப் பூஜ்யமாக்கித் திருத்தியிருப்பார்.

அந்த சென்சார் டிரைவரில் இப்போது சிங்க் இருக்கிறது. அதன் மேல் நான் எழுதிய கமென்ட் இது: "கால்பேக் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கலாம், அது முடியும்வரை இங்கே காத்திருக்கிறோம். கால்பேக்கும் டேட்டா லாக்கை எடுக்கும், ஆகவே அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. இன்டரப்ட் இந்த டைமரை மறுபடி ஓடவிடும், அதனால் இன்டரப்ட்டை இதற்கு முன்பே விடுவித்துவிட்டோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்."